ஒரு ‘ஒரு’ படும் பாடு

டீக்கடையில் போய் ‘‘ஒரு டீ’’ என்று சொல்லும்போது நாம் யாரும் டீ ஆணா, பெண்ணா என்று யோசிப்பதில்லை. அது எந்த எழுத்தில் ஆரம்பிக்கிறது என்றும் பார்ப்பதில்லை. மாஸ்டரும் கேட்பதில்லை. ஸ்ட்ராங்கா, லைட்டா, சர்க்கரை தூக்கலா... அவர் கவலை அதோடு சரி. தமிழில் ‘ஒரு’ ரொம்ப சாது. கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் வரும். கொடுத்த சீட்டில் உட்காரும்.

இதே ‘ஒரு’வுக்கு இத்தாலிய மொழியில் நாலு அவதாரம். ஊன், ஊனோ, ஊனா, அப்புறம் தலையில் ஒரு சின்னக் கொக்கியை மாட்டிக்கொண்டு வருகிற இன்னொரு ஊன்’. (‘ஊன்’ என்றதும் சைவர்கள் பதற வேண்டாம். அந்த ஊரில் அதற்கு மாமிசம் என்று அர்த்தமில்லை.) எந்த இடத்தில் எந்த அவதாரம் என்று தெரியாமல் வாயைத் திறக்க முடியாது என்று புத்தகங்கள் மிரட்டுகின்றன.

அம்பத்தூர் ஓ.டி.யில் உட்கார்ந்துகொண்டு உமக்கு ஏன்யா இத்தாலிக்காரன் கவலை என்று நீங்கள் கேட்கலாம். காரணம் எங்கள் எதிர் போர்ஷன் தம்பி.

தம்பி டிப்ளமோ மெக்கானிக்கல். எஸ்டேட்டில் மாத்திரையை ஸ்ட்ரிப்பில் அடைக்கிற மெஷினோடு நாள் பூராவும் குடித்தனம். மெஷின் பிறந்த ஊர் இத்தாலியில் பொலோன்யா பக்கம். பட்டாசுக்கு சிவகாசி மாதிரி, பேக்கிங் மெஷினுக்கு பொலோன்யா. இப்போது அந்த ஊருக்கே ஒரு ஆளை மூன்று மாத டிரெய்னிங்குக்கு அனுப்பப் போகிறார்கள். ஒரே ஒரு ஆள். போட்டியில் ரெண்டு பேர். இன்னொருவர் பி.இ. இங்கிலீஷில் வெளுத்துக் கட்டுவார். நம் தம்பிக்கு மெஷினின் ஒவ்வொரு போல்ட்டும் தெரியும். ஆனால் இங்கிலீஷில் போல்ட் கழன்றுவிடும். போய்விட்டு வந்தால் சூப்பர்வைசர். தங்கச்சி கல்யாணக் கடன் ரெண்டு வருஷத்தில் அடையும். போகாவிட்டால் அதே ஷிப்ட், அதே ஓவர்டைம்.

மேனேஜர் நல்ல மனுஷன். ‘‘அங்கே ஷாப்புல இங்கிலீஷ் எல்லாருக்கும் வராதுப்பா. யார் கொஞ்சமாவது இத்தாலியன் பேசறீங்களோ அவங்க போகலாம்’’ என்று சொல்லிவிட்டார். தம்பி அன்று சாயங்காலமே புத்தகம் வாங்கிவிட்டார். மறுநாள் ராத்திரி என் வீட்டுக் கதவு தட்டப்பட்டது.

‘‘அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்கணும்.’’

‘‘கேளு தம்பி.’’

‘‘அந்த ‘ஒண்ணு’தாண்ணே கேக்கணும்!’’

முதல் பாடம் வணக்கம், நன்றி எல்லாம் சௌக்கியமாகப் போயிருக்கிறது. ரெண்டாம் பாடத்தில் இந்த நாலு பேரும் கட்டம் போட்ட அட்டவணையில் உட்கார்ந்துகொண்டு முறைத்திருக்கிறார்கள். தம்பிக்கு எட்டாம் கிளாஸ் இங்கிலீஷ் வாத்தியார் ஞாபகம் வந்துவிட்டது. புத்தகத்தை மூடிவிட்டார்.

நான் பி.காம். பேரேடு எழுதிப் பழகியவன். எந்தச் சிக்கலையும் நடுவில் ஒரு கோடு போட்டு ரெண்டு பக்கமாகப் பிரித்தால்தான் எனக்கு நிம்மதி. அப்படியே பிரித்தோம். உங்களுக்கும் சொல்கிறேன், கேளுங்கள்.

கேட்க வேண்டிய கேள்வி ரெண்டே ரெண்டு. முதல் கேள்வி: வரப்போகிற வார்த்தை ஆணா, பெண்ணா? ரெண்டாவது கேள்வி: அது என்ன சத்தத்தில் ஆரம்பிக்கிறது?

முதல் கேள்விதான் நமக்குப் புதுசு. தமிழ் இலக்கணம் இந்த விஷயத்தில் ரொம்ப நியாயமானது. மனுஷன், சாமி என்றால் உயர்திணை; அதில் ஆண் உண்டு, பெண் உண்டு. மேஜை, நாற்காலி எல்லாம் அஃறிணை, பேசாமல் கிட. இத்தாலியில் மேஜை நாற்காலிக்கும் பால் உண்டு. நாற்காலி பெண். மேஜையோ மகா குழப்பம். எழுதுகிற மேஜை ‘தாவொலோ’, ஆண். அதே மேஜையில் சாப்பாட்டைப் பரப்பிவிட்டால் ‘தாவொலா’, பெண்! ஆப்பிள் மரம் ‘மேலோ’, ஆண். அதில் காய்க்கிற ஆப்பிள் ‘மேலா’, பெண்.

கண்டுபிடிக்க ஒரு குறுக்கு வழி உண்டு. வார்த்தை ‘ஓ’வில் முடிந்தால் பெரும்பாலும் ஆண். ‘ஆ’வில் முடிந்தால் பெரும்பாலும் பெண். ‘ஏ’யில் முடிந்தால் ரெண்டு பக்கமும் போகும், ஒவ்வொன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். விதி என்றால் விலக்கு இல்லாமலா? ‘மானோ’ (கை) ஓவில் முடிந்தும் பெண். ‘ஃபோட்டோ’, ‘மோட்டோ’ (மோட்டார் சைக்கிள்) ரெண்டும் பெண். நீளமான பெண்பால் பெயர்களை வெட்டிச் சின்னதாக்கியவை அவை. ‘ப்ரொப்ளேமா’, ‘சிஸ்தேமா’, ‘ப்ரொக்ராமா’ ஆவில் முடிந்தும் ஆண். கிரேக்கத்திலிருந்து வந்த வகையறா. ‘ப்ராப்ளம்’ அங்கே ஆண்பால் என்று வீட்டில் சொன்னேன். ‘‘இங்கேயும் அப்படித்தான்’’ என்று அடுக்களையிலிருந்து பதில் வந்தது.

சரி, ஆண் பெண் தெரிந்துவிட்டது. இனி பேரேட்டைத் திறக்கலாம்.

இடது பக்கம், ஆண்பால். இங்கே சாதாரணமாக வருவது ‘ஊன்’. ஊன் த்ரேனோ, ஒரு ரயில். ஊன் லீப்ரோ, ஒரு புத்தகம். ஊன் அமீகோ, ஒரு நண்பன். மெய்யெழுத்துச் சத்தம் வந்தாலும் ஊன், உயிரெழுத்து வந்தாலும் ஊன். கவலையே இல்லை.

சில இடங்களில் மட்டும் ‘ஊன்’ நீண்டு ‘ஊனோ’ ஆகும். வார்த்தை ‘ஸ்’ஸில் ஆரம்பித்து, உடனே இன்னொரு மெய்யும் ஒட்டிக்கொண்டு வந்தால் ஊனோ. ஊனோ ஸ்துதேந்தே, ஒரு மாணவன். ஊனோ ஸ்கொந்த்ரீனோ, கடையில் கொடுக்கிற ஒரு பில். ஊனோ ஸ்போர்ட். ஊனோ ஸ்மார்ட்ஃபோன். ‘ட்ஸ’ என்று கடிக்கிற சத்தத்தில் ஆரம்பித்தாலும் ஊனோதான்: ஊனோ ட்ஸீயோ, ஒரு மாமா (சித்தப்பா, பெரியப்பா எல்லாருக்கும் அங்கே ஒரே பெயர்). ‘ஞ’வில் ஆரம்பித்தாலும், ‘ப்ஸ்’ என்று ஆரம்பித்தாலும் இதே மரியாதை. ‘ஷோப்பெரோ’ என்றால் ஸ்டிரைக். ஊனோ ஷோப்பெரோ. இத்தாலியில் ரயில் ஏறப் போகிறவர்கள் இந்த ஒரு வார்த்தையை அவசியம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இது என்ன அநியாயம், ‘ஸ்’ஸுக்கு மட்டும் ஏன் தனி கவனிப்பு என்று தம்பி கேட்டார்.

‘‘உங்க ஆயா ‘ஸ்டேஷன்’னு சொல்வாங்களா, ‘இஸ்டேஷன்’னு சொல்வாங்களா?’’

‘‘இஸ்டேஷன்தாண்ணே. ‘பட்டரவாக்கம் இஸ்டேஷன்’.’’

அதேதான் விஷயம்! ரெண்டு மெய் சேர்ந்து வார்த்தையின் வாசலில் நின்றால் தமிழ் நாக்குக்கு ஆகாது. முன்னால் ஒரு ‘இ’யைப் போட்டு வழி பண்ணிக்கொள்கிறோம். இஸ்கூல், இஸ்டூல். ‘ஊன் ஸ்துதேந்தே’ என்று சொல்லிப் பாருங்கள். ன், ஸ், த் மூன்றும் திருமுல்லைவாயில் லெவல் கிராஸிங் மாதிரி முட்டிக்கொண்டு நிற்கும். இத்தாலிக்காரர் நடுவில் ஒரு ‘ஓ’வைப் போட்டு வழி விடுகிறார். ‘எழுத்தில்’ என்பதற்கு அவர்கள் இன்றைக்கும் சொல்கிற ஒரு சொற்றொடரில், ஸ்-க்கு முன்னால் நம் ஆயா போடுகிற அதே ‘இ’ உட்கார்ந்திருக்கிறது. ‘பெர் இஸ்கிரித்தோ’! ஆயாவை இனிமேல் யாரும் கிண்டல் பண்ணக் கூடாது. அவர் பேசுவது ஐரோப்பிய இலக்கணம்.

வலது பக்கம், பெண்பால். இங்கே கணக்கு இன்னும் சுலபம். மெய் வந்தால் ‘ஊனா’. ஊனா காஸா, ஒரு வீடு. ஊனா மாக்கினா, ஒரு கார். ஸ், ட்ஸ எது வந்தாலும் ஊனாதான்: ஊனா ஸ்த்ராதா, ஒரு தெரு, ஊனா ட்ஸீயா, ஒரு அத்தை. ஏற்கெனவே ஆ என்று வாய் திறந்திருப்பதால் முட்டுவதற்கு ஒன்றுமில்லை. உயிர் வந்தால் மட்டும் அந்த ஆ விழுந்துவிடும். விழுந்த இடத்தில் அடையாளத்துக்கு ஒரு கொக்கி. ஊன்’ ஓரா, ஒரு மணி நேரம். ஊன்’ இதேயா, ஒரு ஐடியா. ஊன்’ அமீகா, ஒரு சிநேகிதி.

அவ்வளவுதான் பேரேடு. ஆண்பாலுக்கு ஊன், ஊனோ. பெண்பாலுக்கு ஊனா, ஊன்’. டேலி ஆகிவிட்டது.

அந்தக் கொக்கியை மட்டும் அலட்சியமாக நினைக்காதீர்கள். ‘இன்சென்யாந்தே’ என்றால் ஆசிரியர். ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே வார்த்தை. கொக்கி இல்லாமல் எழுதினால் வாத்தியார். கொக்கி போட்டு எழுதினால் டீச்சர். காதால் கேட்டால் ரெண்டும் ஒன்றுதான். ஒரு துளி மையில் வேஷ்டி புடவையாகிவிடுகிறது!

இன்னொரு ஜோடி ஆபீஸ்காரர்களுக்கு. ‘ஊன் உஃபிச்சோ’ என்றால் ஆபீஸ். ‘ஊன்’ ஒஃபிச்சீனா’ என்றால் ஆபீஸ் இல்லை, ஒர்க்‌ஷாப்! ‘நான் ஒஃபிச்சீனாவில் வேலை செய்கிறேன்’ என்று ஏ.சி. ரூம் அக்கவுண்டண்ட் சொன்னால், எதிரில் இருப்பவர் கார் ரிப்பேருக்கு ரேட் கேட்பார்.

இந்த விதியெல்லாம் பக்கத்து வார்த்தையைத்தான் பார்க்கும். அதற்கு அடுத்த வார்த்தையைப் பார்க்காது. மாணவன் ‘ஊனோ ஸ்துதேந்தே’. நல்ல மாணவன் என்று ‘ப்ராவோ’வை முன்னால் போட்டால் ‘ஊன் ப்ராவோ ஸ்துதேந்தே’. இதுவும் நமக்குத் தெரிந்த சமாசாரம்தான். உயிரெழுத்துக்கு முன்னால் ‘ஓர்’, மற்றதற்கு ‘ஒரு’ என்று தமிழய்யா தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்தாரே. ஓர் ஊர். ஆனால் ஒரு பெரிய ஊர். பரீட்சையில் அதற்கு மார்க்கும் வாங்கினோம். அப்புறம் ‘ஒரு ஆட்டோ’, ‘ஒரு ஆளு’ என்று பேசப் போய்விட்டோம். ஆவடி பஸ் ஸ்டாண்டில் நின்று ‘‘ஓர் ஆட்டோ வேண்டும்’’ என்று சொல்லிப் பாருங்கள், மீட்டருக்கு மேல் ஐம்பது ரூபாய் கேட்பார்கள்.

‘ஒன்று’க்குப் பால் பார்ப்பதும் நமக்கு அந்நியமில்லை. ஒருவன், ஒருத்தி, ஒருவர், ஒன்று... இத்தனை வைத்திருப்பவன் நாலு அவதாரத்தைப் பார்த்து நடுங்கலாமா?

தம்பிக்கு இதெல்லாம் சொன்னபிறகு முகம் தெளிந்தது. ஆனால் இன்னொரு சந்தேகம். ‘‘இது ‘ஒண்ணு’ங்கிற கணக்கா, சும்மா ‘ஒரு’வாண்ணே?’’

நல்ல கேள்வி. தமிழில் ‘‘எனக்கு ஒரு சம்சாரம் இருக்கா’’ என்று சொன்னால் ‘‘மத்தவங்க எங்கே?’’ என்று கேட்பார்கள். இத்தாலியிலும் இது இரட்டை வேஷம்தான். லத்தீனில் ‘ஊனுஸ்’ என்றால் எண் ஒன்று. லத்தீனில் நாம் பார்க்கிற இந்த ‘ஒரு’ வகையறாவே கிடையாது. அதன் வாரிசுகள்தான் அந்த ‘ஒன்றை’த் தேய்த்துத் தேய்த்து ‘ஒரு’ ஆக்கிக்கொண்டன. தனியாக எண்ணும்போது ‘ஊனோ, தூவே, த்ரே’. 1983-ல் இத்தாலியில் வந்து, 90களின் பின்பாதியில் நம் ரோட்டிலும் ஓடியதே ஃபியட் கார், ‘யூனோ யூனோ’ என்று நாம் கூப்பிட்டது, அது இந்த ஊனோதான்.

ஒன்றுக்கு மேல் போனால் ‘ஒரு’வுக்கு வேலை இல்லை. ‘ஒரு புத்தகங்கள்’ என்று நாம் சொல்வதில்லை, அவர்களும் சொல்வதில்லை. ‘சில’ என்பதற்கு வேறு சொற்கள் இருக்கின்றன. அது மூன்றாவது பாடம். ‘‘ஒரு பத்து ரூபா இருந்தா குடு’’ என்கிறோமே, அந்த உத்தேச ‘ஒரு’ கூட அவர்களிடம் இருக்கிறது: ‘ஊனா தெச்சீனா’, ஒரு பத்து. ‘கையில் ஒரு காசு இல்லை’ என்பதும் அப்படியே உண்டு. பஞ்சப்பாட்டு எல்லா ஊரிலும் ஒரே ராகம்.

வேலையைச் சொல்லும்போது இங்கிலீஷ்காரர் ‘ஒரு’ போட்டே ஆக வேண்டும். நாம் ‘நான் அக்கவுண்டண்ட்’ என்கிறோம். இத்தாலிக்காரரும் நம் கட்சி: ‘ஸோனோ கொந்தாபிலே’, அவ்வளவுதான். நல்ல அக்கவுண்டண்ட் என்று பெருமை அடித்தால் மட்டும் ‘ஒரு’ வேண்டும்: ‘ஸோனோ ஊன் ப்ராவோ கொந்தாபிலே’. தற்பெருமைக்கு ஒரு ‘ஒரு’ கூடுதல் செலவு. நியாயமான வரி.

சமீபத்தில் மெஷின் சர்வீஸுக்கு இத்தாலியிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். பி.இ. நண்பர் இங்கிலீஷில் பேசினார். அவர் எல்லாவற்றுக்கும் ‘யெஸ், யெஸ்’ என்று சிரித்தார். மெக்கானிக் ஒரு ஸ்பேனருக்காகக் கையை நீட்டியபோது நம் தம்பி, ‘‘ஊனோ மொமெந்தோ’’ என்று சொல்லிவிட்டு ஓடியிருக்கிறார். தப்பு! ‘ம’வுக்கு முன்னால் ‘ஊன்’தான் வர வேண்டும். திரும்பி வந்து ‘‘ஊனா கியாவே’’ என்று நீட்டினார். அது சரி. சாவிக்கும் ஸ்பேனருக்கும் அங்கே ஒரே வார்த்தை, பெண்பால். மெக்கானிக் தம்பி தோளில் தட்டி, ‘‘ஊன் மொமெந்தோ’’ என்று திருத்திவிட்டுச் சிரித்தாராம். அப்புறம் மூன்று நாளும் எது வேண்டுமானாலும் தம்பியைத்தான் கூப்பிட்டார். லிஸ்ட் இன்னும் வரவில்லை. எப்படி வந்தாலும் தம்பி புத்தகத்தை மூடுவதாக இல்லை.

தப்பாகப் பேசித்தான் மொழி வரும். சிசிலித் தீவில் பலேர்மோ என்ற ஊரில் ஈழத்திலிருந்து போன தமிழர்கள் நிறைய இருக்கிறார்கள். பெரும்பாலும் வீட்டு வேலைக்கு என்று போனவர்கள். அந்த ஊர்க் காவல் தெய்வமான சாந்தா ரோசாலியாவின் மலைக்கோயிலுக்கு இந்துத் தமிழர்களும் ஏறிப்போய்க் கும்பிடுகிறார்கள். இத்தாலியில் நீண்ட கால வசிப்பு அனுமதி வேண்டுமென்றால் 2010 முதல் ‘ஏ2’ அளவு மொழிப் பரீட்சை தேற வேண்டும். அவர்களுக்கு ஊன், ஊனோ என்பது பொழுதுபோக்கு இல்லை. தங்குவதா, திரும்புவதா என்கிற கேள்வி.

‘வயசாயிடுச்சு சார், இனிமே எங்கே புது மொழி’ என்பவர்களுக்கு எதிர்த்திசையில் வந்த ஒரு ஆளைக் காட்டுகிறேன். மெரினாவில் 1968-ல் வைத்த சிலைகளில் ஒன்று அவருடையது. 1680-ல் இத்தாலியில் காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்த பெஸ்கி. ஊன், ஊனோ என்று பேசி வளர்ந்தவர். 1710-ல் கோவாவில் வந்து இறங்கும்போது முப்பதைத் தொடுகிற வயசு. ஆனா ஆவன்னாவிலிருந்து ஆரம்பித்து, 3,615 பாட்டில் ‘தேம்பாவணி’ எழுதினார். 1732-ல் ‘சதுரகராதி’ போட்டார். நமக்கு அவர் வீரமாமுனிவர்.

அவர் செய்த இன்னொரு காரியம்தான் நம் கதைக்கு முக்கியம். அந்தக் காலத்தில் குறில் ‘ஒ’வின் மேல் ஒரு புள்ளி வைப்பார்கள், புள்ளி இல்லாவிட்டால் நெடில். ஓலையில் புள்ளி குத்தினால் கிழிந்துவிடும் என்று பல பேர் புள்ளியே வைப்பதில்லை. குறிலா நெடிலா என்று படிக்கிறவர் தலையைச் சொறிய வேண்டும். முனிவர்தான் புள்ளியை விட்டுவிட்டு, ‘ஒ’வின் காலைச் சுழித்து ‘ஓ’ என்று ஆக்கினார். ‘எ’யின் காலை இழுத்து ‘ஏ’ என்று ஆக்கினார். ‘ஒரு’வையும் ‘ஓர்’ஐயும் நாம் இன்று பார்த்தவுடன் பிரித்துப் படிக்கிறோம் என்றால், அந்தச் சுழி ஒரு இத்தாலிக்காரர் போட்டது. அவர் நம் ‘ஒரு’வுக்கு அவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார். அவர் ஊர் ‘ஒரு’வுக்கு நாம் ரெண்டு சாயங்காலம் மெனக்கெட மாட்டோமா?

அவர் எழுதிய பரமார்த்த குரு கதையில், ஆற்றைக் கடந்த பிறகு ஒவ்வொரு சீடனும் தன்னை விட்டுவிட்டு மற்றவர்களை எண்ணி, ‘ஐயோ, ஒருத்தர் குறையுதே’ என்று அழுவான். ஆபீஸில் யார் யாருக்கெல்லாம் ஃபாரின் சான்ஸ் வரும், யாருக்கெல்லாம் புது மொழி வரும் என்று நாம் விரல் விட்டு எண்ணுகிறோமே, அதுவும் இதே கணக்குதான். அடுத்த தடவை எண்ணும்போது ‘ஊனோ’ என்று உங்களிடமிருந்தே ஆரம்பியுங்கள்.

பி.கு: இத்தாலியில் போய் காபிக்காக ‘ஊன் லாத்தே’ என்று கேட்காதீர்கள். ‘ஒரு’ சரிதான். ஆனால் லாத்தே என்றால் பால். அபிஷேகத்துக்குக் கொடுப்பது மாதிரி ஒரு டம்ளர் வெறும் பாலைக் கையில் கொடுத்துவிடுவார்கள்!